ஒரு டேங்க் தூரம்!

"வீ...ஈ...ஈ...ல்!"

ரயில் ஹாரன் அலறியது.

என்ஜின் டிரைவர் மால்கம் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே கத்தினார்.

"அடப்பாவி... நகரு! நகருடா!"

நகரவில்லை.

காலைப் பனிமூட்டத்துக்குள், தண்டவாளத்தின் மேல், ஒரு சின்னப் பச்சைக் கார் நின்றுகொண்டிருந்தது. வயல்காட்டுக்குப் போகிற ஆளில்லா லெவல் கிராசிங். காரில் விளக்கு எரியவில்லை. யாரும் இறங்கி ஓடவும் இல்லை.

மால்கமுக்குப் பின்னால் வந்தது நிலக்கரியோ, மரக்கட்டையோ அல்ல.

பெட்ரோல்! சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கிளம்பிய பெட்ரோல்... டேங்கர் டேங்கராக!

சக்கரங்கள் கிறீச்சிட்டன. தீப்பொறி பறந்தது.

மால்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

'டமார்!'

...வெடிக்கவில்லை!

மெல்லக் கண்ணைத் திறந்தார். சிக்னலுக்காக முன்பே வேகத்தைக் குறைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ரயில், காரின் பின்பக்கத்தை மட்டும் தட்டியிருந்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து வாய்க்காலில் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடந்தது.

குதித்து ஓடினார். கதவைப் பிடித்து இழுத்தார்.

ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தாள் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். தலைமுடியெல்லாம் ரத்தம்.

விரலை அவள் கழுத்தில் வைத்தார்.

துடிப்பு இருந்தது!

* * *

"நெவில்! ஒரு சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிப் போறான்!"

"பார்த்தேன் மேடம். நல்லா மிதிக்கிறான்."

இன்ஸ்பெக்டர் லொரேன் பிக்கரிங் பல்லைக் கடித்தாள். உட்கார்ந்தால் கால் ஆடும்... நின்றால் விரல் தாளம் போடும்... அவளுடைய பிறவிக் குணம் அது. அவளுக்கு வாய்த்த சார்ஜென்ட், நெவில் டக். ரிட்டயர் ஆகும் வயசு. லிங்கன்ஷயர் மாவட்டத்திலேயே பெட்ரோலை மிச்சம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஆக்ஸிலேட்டரை அமுக்குங்க!"

"அமுக்கினா குடிச்சிடும் மேடம். குழந்தை கன்னத்தைத் தடவற மாதிரி தடவணும்."

"ஜன்னலையாவது திறங்க. மூச்சு முட்டுது."

"திறந்தா காத்து பிடிச்சு இழுக்கும். மைலேஜ் போயிடும்."

"இது போலீஸ் வண்டி! பெட்ரோல் உங்க காசா?"

"இல்லதான்... ஆனா பழக்கம் மேடம். கால்ல ஊறிப் போச்சு!"

லெவல் கிராசிங்கில் ஆம்புலன்ஸ் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தது. கிரேன் காரை மேலே தூக்கி வைத்திருந்தது. போக்குவரத்துப் பிரிவு மெக்கானிக் ஆல்ஃபி, ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிக் காட்டினான்.

"மேடம், இதைப் பாருங்க. டேங்க்லேர்ந்து எடுத்தேன்."

மேலே பொன் நிறத்தில் பெட்ரோல். கீழே... விரல் கனத்துக்குத் தெளிவாக வேறொரு திரவம்.

"தண்ணியா?"

"சுத்தமான தண்ணி! டேங்க் கழுத்து வரைக்கும் ரொம்பி இருக்கு. ஆனா அடியில இது. இதைக் குடிச்ச என்ஜின் எப்படி ஓடும்? சரியா தண்டவாளத்து மேல மூச்சை விட்டிருக்கு."

நெவில் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஃபெர்ண்டேல்!"

"என்னது?"

"ஃபெர்ண்டேல் சூப்பர் மார்க்கெட் பங்க் மேடம். புயல் மழையில அங்க தரைக்கு அடியில இருக்கற டேங்க்ல தண்ணி இறங்கிடுச்சு. நேத்து சாயங்காலம் அங்க பெட்ரோல் போட்ட நாலஞ்சு வண்டி ரோட்லயே நின்னு போச்சு. ஊர் பூரா இதான் பேச்சு. ராத்திரியே பங்கை மூடிட்டாங்க."

அப்போது வழுக்கிக்கொண்டு வந்து நின்றது ஒரு கறுப்பு ஜாகுவார்.

இறங்கியவன் உயரமாக இருந்தான். ஒட்டக் கத்தரித்த நரை மீசை. கோல்ஃப் கிளப் டை.

ரோலண்ட் கிரீவ்ஸ். ஹாக்ஸ்பி ஊரில் பாதி வீடுகளை விற்றுக் கொடுத்தவன். கோல்ஃப் கிளப் தலைவன்.

"ஜோசலின்... என் ஜோசலின் எங்கே?"

"உங்க மனைவியா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க சார். உயிர் இருக்கு."

ரோலண்டின் முகம் ஒரு கணம் வெறுமையானது. பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் சொன்னேன்... படிச்சுப் படிச்சு சொன்னேன். மலிவு பெட்ரோல் வேணாம்னு. நேத்து மத்தியானம் ஃபெர்ண்டேல்ல ரொப்பிட்டு வந்து பெருமையா சொன்னா, 'லிட்டருக்கு ஆறு பென்னி மிச்சம் ரோலண்ட்'னு. ஆறு பென்னி! அந்த ஆறு பென்னிக்காக..."



ஊர் டி.வி. கேமரா ஒன்று அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. ரோலண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் பக்கம் திரும்பினான்.

லொரேனின் விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன.

* * *

ஃபெர்ண்டேல் பங்கைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. காசு வாங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள் பெவர்லி. குண்டு உடம்பு. காதில் பெரிய வளையம். போலீஸ்காரர்களைப் பார்த்ததும் டீ போட கெட்டில் சுவிட்சைத் தட்டினாள்.

"வாங்க கண்ணு, உட்காருங்க. காலைலேர்ந்து பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாரும் என்னமோ நானே வாளியில மொண்டு தண்ணி ஊத்தின மாதிரி முறைச்சிட்டுப் போறாங்க."

லொரேன் உட்காரவில்லை. சாக்லேட் அடுக்கின் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"ஜோசலின் கிரீவ்ஸ். தெரியுமா?"

பெவர்லியின் சிரிப்பு நின்றது.

"பல் ஆஸ்பத்திரியில வரவேற்புல உட்கார்ந்திருக்குமே, அந்தப் பொண்ணு. தெரியாம என்ன? வாரா வாரம் வரும். டயருக்குக் காத்து பிடிக்கும். ஓசிக் காத்துதானே. நான் ஒரு டீ போட்டுக் கொடுப்பேன், ரெண்டு பிஸ்கெட்டும் தருவேன். நின்னுட்டே குடிச்சிட்டுப் போயிடும்."

"நேத்து மத்தியானம் இங்க பெட்ரோல் போட்டாங்களா?"

"பெட்ரோலா? அதுவா? கண்ணு, அது கையில பத்து பென்னி கூட இருக்காது!"

லொரேன் நடையை நிறுத்தினாள்.

"வேலைக்குப் போறாங்களே?"

"போகுது. சம்பளம் அவன் கணக்குக்குல்ல போகுது! கார் கொடுத்திருக்கான். ஆனா எத்தனை மைல் ஓடிச்சுன்னு மீட்டரைப் பார்த்துக் கணக்குக் கேட்பானாம். வீடு, வேலை... அதுக்கு மேல ஒரு மைல் கூடினா அன்னிக்கு ராத்திரி வீட்ல பூகம்பம்தான். ஒரு தடவை கையில கட்டு போட்டுட்டு வந்துச்சு. கேட்டா, படியில விழுந்தேன்னுச்சு."

"நேத்து அவங்க வரவே இல்லைன்னு கோர்ட்ல சொல்லுவீங்களா?"

பெவர்லி கையைப் பிசைந்தாள்.

"அங்கதான் கண்ணு மாட்டிக்கறேன். நேத்து ரெண்டு பென்னி குறைச்சிருந்தாங்க. வரிசை ரவுண்டானா வரைக்கும் நின்னுச்சு. புயல்ல கேமராவும் போச்சு. நான் தலை நிமிரவே இல்ல. சத்தியம் பண்ணச் சொன்னா எப்படிப் பண்ணுவேன்?"

இதுவரை வாயைத் திறக்காத நெவில், மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"மேடம்... அந்த அம்மாவை எனக்குத் தெரியும்."

"என்ன?"

"பேர் தெரியாது. பச்சைக் கார். காத்து பிடிக்கற இடத்துல போன மாசம் பார்த்தேன். என்கிட்ட வந்து, 'சார், ஒரு டேங்க் பெட்ரோலை ரொம்ப தூரம் ஓட்டணும்னா என்ன பண்ணணும்'னு கேட்டாங்க. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு! டயர்ல காத்து சரியா வைங்க, டிக்கியைக் காலி பண்ணுங்க, அம்பத்தஞ்சுக்கு மேல போகாதீங்க, மேட்டுல ஏறும்போது அவசரப்படாதீங்கன்னு அரை மணி நேரம் பாடம் நடத்தினேன்."

"அப்புறம்?"

"'இதெல்லாம் செஞ்சா இன்வர்னெஸ் போய்ச் சேர்ந்துடலாமா'ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சிட்டேன் மேடம். ஸ்காட்லாந்து உச்சி! 'நடுவுல ஒரு தடவை ரொப்பிக்கிட்டா என்னம்மா, அவ்வளவு கஞ்சத்தனமா'ன்னு கிண்டல் பண்ணினேன்."

பெவர்லி மெல்லச் சொன்னாள்.

"இன்வர்னெஸ்லதான் அது அக்கா இருக்கு."

கெட்டில் கொதித்து அடங்கியது. யாரும் டீ போடவில்லை.

நெவில் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சத்தனம் இல்ல மேடம். தப்பிச்சுப் போக... அந்தம்மா கையில இருந்தது ஒரே ஒரு டேங்க்!"

* * *

டெப்போ ஆற்றோரத்தில் இருந்தது. வெள்ளை வெள்ளையாகப் பிரம்மாண்டமான உருளைகள். வாசலில் டேங்கர் லாரிகளின் வரிசை.

லொரேன் அண்ணாந்து பார்த்தாள். வரிசையில் முதல் லாரியில் ஃபெர்ண்டேலின் பச்சை இலை. அதை ஒட்டினாற்போல் இரண்டாவது லாரியில் மொனார்க் கம்பெனியின் தங்கக் கிரீடம். மொனார்க் என்றால் ஊரிலேயே விலை கூடிய பெட்ரோல்.

"இவங்களும் இங்கதான் பிடிக்கிறாங்களா?"

டெப்போ அதிகாரி ஃபெர்கஸ் சிரித்தார்.

"எல்லாரும் இங்கதான் மேடம். ஆலையிலேர்ந்து குழாய் வழியா வருது. அதோ அந்த டேங்க்ல இறங்குது. அதுலேர்ந்து ஃபெர்ண்டேலுக்கும் பிடிக்கிறோம், மொனார்க்குக்கும் பிடிக்கிறோம். சூப்பர் மார்க்கெட்காரன் தோட்டத்துல தனியா பெட்ரோல் கிணறா வெட்டி வெச்சிருக்கான்?"

நெவிலின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நான் முப்பது வருஷமா இதைத்தானே சொல்றேன்! ஒருத்தன் நம்பணுமே!"

"அப்ப வித்தியாசமே கிடையாதா?" என்றாள் லொரேன்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. லாரியில ஏத்தும்போது ஒவ்வொரு கம்பெனியும் அவனவன் மருந்தைக் கலப்பான். என்ஜினைச் சுத்தம் பண்ற மருந்து. மொனார்க் கொஞ்சம் தாராளமா கலப்பான். சூப்பர் மார்க்கெட்காரன் தேவையான அளவோட நிறுத்திப்பான். காரெல்லாம் ரெண்டுலயும் நல்லாத்தான் ஓடும்."

லொரேனின் கால் ஆடுவது நின்றது.

"ஒரு கார் டேங்க்ல இருக்கற பெட்ரோலைப் பார்த்து... அது ஃபெர்ண்டேலா, மொனார்க்கான்னு சொல்ல முடியுமா?"

"லேபுக்கு அனுப்பினா, கலந்திருக்கற மருந்தை வெச்சு சொல்லிடலாம்."

வெளியே வந்ததும் லொரேன் போனை எடுத்தாள். லேபைப் பிடித்தாள். இரண்டே வார்த்தையில் பதில் வந்தது.

"ரெண்டு வாரம்."

போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்.

"இன்ஸ்பெக்டர், ஒரு சந்தேகம். பேஷன்ட்டுக்கு அடி பின் மண்டையில. சீட்டுல தலைக்கு மெத்தை வெச்சிருக்காங்க. அதுல இடிச்சா இப்படி உடையாது. ரத்தமும் ரொம்ப உறைஞ்சிருந்துச்சு. ரயில் இடிக்கறதுக்கு முன்னாடியே பட்ட அடியோன்னு தோணுது."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"கார் சுத்திப் போய் விழுந்திருக்கு. எப்படி வேணா பட்டிருக்கலாம்னு எந்த வக்கீலும் சொல்வார். இன்னொரு விஷயம்... அவங்க கணவர், நாளைக்கு மத்தியானமே அவங்களைத் தனியார் மருத்துவமனைக்கு மாத்தணும்னு நிக்கிறார். ஆம்புலன்ஸ்கூட சொல்லிட்டார். சட்டப்படி என்னால தடுக்க முடியாது."

லொரேன் போனை வைத்தாள்.

உடனே சூப்பரின்டென்டென்ட்டுக்குப் போன் செய்தாள்.

"ரோலண்டா? பைத்தியமா உனக்கு! மனைவி சாகக் கிடக்கிறா, மனுஷன் இடிஞ்சு போயிருக்கார். சாட்சி இருக்கா?"

"இல்ல சார்."

"ஒரு கான்ஸ்டபிளை வாசல்ல வேணா போட்டுக்கோ. அதுவும் நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான்!"

போன் துண்டிக்கப்பட்டது.

"இப்ப என்ன மேடம்?" என்றார் நெவில்.

"லேபுக்கு ரெண்டு வாரம் வேணும். ஜோசலினுக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"வண்டியை எடுக்கட்டுமா?"

"எடுங்க. ஆனா இந்தத் தடவை நான் ஓட்டறேன்!"

* * *

ஞாயிறு காலை. தூறல்.

ஃபெர்ண்டேல் பங்க் முன்னால் ஊரே கூடியிருந்தது. குடை... அட்டை... கோஷம்... 'மலிவு பெட்ரோல், மலிவு உயிர்!' என்று ஓர் அட்டை சொன்னது.

ரோலண்ட் கிரீவ்ஸ் ஒரு பலகை மேல் ஏறி நின்றிருந்தான். கையில் ஒலிபெருக்கி. கேமராக்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எங்கேயிருந்து வருதுன்னே தெரியாத கழிவு எண்ணெய்! அதைக் கொண்டுவந்து நம்ம பெண்டாட்டி பிள்ளைங்க வண்டியில ஊத்தறாங்க! எத்தனை வருஷமா சொல்றேன் உங்களுக்கு? கேட்டீங்களா?"

"கேக்கல ரோலண்ட்!" என்றது கூட்டம் வருத்தத்தோடு.

"ஒரு நிமிஷம் சார்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் லொரேன். கையில் மடித்த காகிதம். பின்னால் நெவில்.

"எங்கேயிருந்து வருதுன்னு நான் சொல்றேன். நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஆற்றோர டெப்போ. ஒரே ஆலை... ஒரே குழாய்... ஒரே டேங்க்! ஃபெர்ண்டேல் லாரியும் மொனார்க் லாரியும் ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னு அதே பெட்ரோலைத்தான் பிடிக்குது. தண்ணி இறங்கினது மழையால, இங்க ஒரு மூடி உடைஞ்சதால. பெட்ரோல் மேல தப்பில்ல."

சலசலப்பு.

"அப்ப மொனார்க்ல கூடுதலா வாங்கறது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கொஞ்சம் கூடுதல் மருந்து. பெரிய கிரீடம். அவ்வளவுதான்."

"ஏய் ரோலண்ட்!" பப் நடத்தும் பெர்சி குரல் கொடுத்தான். "கிளப்ல எங்களை எல்லாம் பிச்சைக்காரப் பசங்கன்னியே! நீதான்டா ஏமாந்த சோணகிரி!"

குபீரென்று சிரிப்பு.

ரோலண்டின் காது சிவந்தது.

"முட்டாள்தனம்! என் ஜாகுவாருக்கு வித்தியாசம் தெரியும். மொனார்க் தவிர ஒரு சொட்டு அதுக்குள்ள போனதில்ல!"

லொரேன் காகிதத்தைப் பிரித்தாள். இரக்கத்தோடு அவனைப் பார்த்தாள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன் சார். சங்கடமான விஷயம். உங்க ஜாகுவார்ல பல மாசமா ஓடறது ஃபெர்ண்டேல் பெட்ரோல்தான்."

"என்ன உளர்றே?"

"உங்க மனைவி ரெண்டு காருக்கும் இங்கதான் போட்டிருக்காங்க. நீங்க கோல்ஃப் ஆடப் போற நேரத்துல ஜாகுவாரை எடுத்துட்டு வந்து ரொப்பிட்டு, ஓசைப்படாம திரும்பக் கொண்டு போய் நிறுத்திடுவாங்க. உங்களுக்குத் தெரியாம! பாவம், நீங்க அதுல ஏறி மொனார்க், மொனார்க்னு..."

சிரிப்பு மறுபடி வெடித்தது. பெர்சி தொடையில் தட்டிக்கொண்டான்.

ரோலண்டின் நெற்றி நரம்பு புடைத்தது. ஒலிபெருக்கி வாயருகிலேயே இருந்தது. அவன் அதை மறந்தே போனான்.

"பொய்! எனக்குத் தெரியாமலா? அவளா? என் வீட்டு வண்டிக்கு என்னைத் தவிர எவனும் பெட்ரோல் போட்டது கிடையாது! ஜாகுவாரானாலும் சரி, அவளோட அந்தப் பச்சை டப்பாவானாலும் சரி... வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நானே மொனார்க்குக்குக் கொண்டு போய், என் கையாலேயே ரொப்புவேன்! அந்தக் குழாயை அவ கையால தொட்டதே இல்ல! தொட நான் விட்டதும் இல்ல! முந்தாநாளும் நான்தான்..."

நின்றான்.

ஒலிபெருக்கி அவன் குரலைப் பங்க் முழுவதும், ரவுண்டானா வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்திருந்தது.

சிரிப்பு அறுந்தது. 

"முந்தாநாள் வெள்ளிக்கிழமை சார்," என்றாள் லொரேன் மிக மெதுவாக. "ஜோசலின் ஃபெர்ண்டேல்ல ரொப்பிட்டு வந்ததா டி.வி.யில அழுதீங்களே... அந்த வெள்ளிக்கிழமை. நீங்களே மொனார்க்ல ரொப்பின டேங்க்ல, ஃபெர்ண்டேல் தண்ணி எப்படி சார் வந்துச்சு?"

ரோலண்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். கேமராக்கள்... அட்டைகள்... அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த முகங்கள். அவன் வீடு விற்றுக் கொடுத்த முகங்கள்!

ஒலிபெருக்கியை எறிந்துவிட்டு ஓடினான்.

நான்கே எட்டு. எதிரில் பெவர்லி. இடுப்பில் கை வைத்து, பங்க் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கண்ணு போறே? இன்னிக்கு இங்க பெட்ரோல் கிடையாது."

நெவில் பின்னாலிருந்து தோளைப் பிடித்தார். கைவிலங்கு 'க்ளிக்' என்றது.

* * *

ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே ரோலண்ட் உடைந்தான். அழவில்லை. புகார் சொன்னான்!

"அவ போகப் பார்த்தா. என்னை விட்டுட்டு! விடியக்காலையில சத்தம் கேட்டு இறங்கி வர்றேன்... ஷெட்ல கார் பக்கத்துல பெட்டியோட நிக்கிறா. நான் ரொப்பின பெட்ரோல்ல, நான் வாங்கின கார்ல! கோல்ஃப் மட்டை கையில இருந்துச்சு. ஒரே அடிதான். எழுந்திருக்கல. செத்துட்டான்னு நினைச்சேன்."

மற்றதெல்லாம் சுலபம். முந்தின நாள் இரவு ஊரெல்லாம் பேசிய ஃபெர்ண்டேல் தண்ணீர் அவன் நினைவுக்கு வந்தது. அவளைக் காரில் ஏற்றினான். பனியில் லெவல் கிராசிங்குக்கு ஓட்டிப் போனான். தண்டவாளத்தின் மேல் நிறுத்தி, பாட்டில் பாட்டிலாக டேங்கில் தண்ணீர் ஊற்றினான். ஸ்டியரிங் முன்னால் அவளைத் தள்ளி உட்கார வைத்தான். வயல் வழியாக வீட்டுக்கு நடந்தே வந்து, முட்டை பொரித்துச் சாப்பிட்டான்.

மொனார்க் பங்கின் கேமரா வேலை செய்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, பச்சைக் காருக்கு அவன் பெட்ரோல் போடுகிற காட்சி பளிச்சென்று அதில் பதிவாகியிருந்தது. எந்தப் பங்கில், எந்தக் கிழமை தேடுவது என்பதைத்தான் அவனே ஊரறியச் சொல்லிவிட்டானே!

அவனை லாக்கப்பில் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, நெவில் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியல மேடம். லேபுக்கு ரெண்டு வாரம் ஆகும்னாங்க. நம்ம அந்த ஜாகுவாரைத் தொடவே இல்லையே. அதுக்குள்ள ரிப்போர்ட் எப்படி வந்துச்சு?"

"எந்த ரிப்போர்ட்?"

"உங்க கையில இருந்துச்சே... பிரிச்சுப் படிச்சீங்களே!"

லொரேன் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜை மேல் போட்டாள். நெவில் பிரித்தார்.

'பெர்சி பப்: ஞாயிறு ஸ்பெஷல். வறுத்த மீன், சிப்ஸ், பட்டாணி.'

"மேடம்! அப்ப அந்தம்மா ஜாகுவாரை எடுத்துட்டு வந்தது..."

"நான் விட்ட கதை. அவன் மனைவி அவனுக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணினான்னு சொன்னா, அந்த ஆளுக்குக் கொலைக் கேஸ்கூட மறந்து போகும்னு தோணுச்சு. மறந்துட்டான்."

மேஜை மேல் போன் அலறியது.

நெவில் எடுத்தார். கேட்டார். மெதுவாக எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரி மேடம். கண்ணு முழிச்சிட்டாங்களாம்!"

லொரேன் நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக அவள் விரல்கள் அசையாமல் கிடந்தன.

"இன்வர்னெஸ்ல அக்காவுக்குச் சொல்லிட்டாங்களாமா?"

"கிளம்பிட்டாங்களாம். ஆனா அந்தம்மா நடுங்கறாங்களாம் மேடம். முழிச்சதும் முதல் வார்த்தையே, 'அவர் எங்கே, வர்றாரா'ன்னுதான். நர்ஸ் என்ன சொல்லட்டும்னு கேக்கறாங்க."

"நீங்களே சொல்லுங்க நெவில். உங்க ஸ்டூடண்டாச்சே."

நெவில் தொண்டையைச் செருமிக்கொண்டார். போனில் குனிந்தார்.

"சிஸ்டர்... பயப்பட வேணாம்னு சொல்லுங்க. அவர் திரும்பி வர முடியாத தூரத்துக்குக் கிளம்பிட்டார்... பெட்ரோல் செலவு மொத்தமும் அரசாங்கத்தோடதுன்னு சொல்லுங்க!"